கட்டைக் கைக்காரனின் கோபம்

“வாயில தண்ணி எடு. விழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது. ம், இப்ப அடி.”

என் தாய்மாமன் எனக்குக் குத்துச்சண்டை சொல்லித்தரத் தொடங்கியது இப்படித்தான். 1996ஆம் ஆண்டு, திருகோணமலை மனையாவெளியில் மாமா வீட்டு வளவு. வேப்பமரத்தின் தாழ்ந்த கொப்பில் ஒரு பை தொங்கியது. பழைய கித்தானை இரண்டாக மடித்துத் தைத்து, அடியில் ஒன்றரைச் சாண் உயரத்துக்குக் கடல்மணல், அதற்கு மேலே மரக்காலையில் அள்ளிவந்த மரத்தூளும் கிழிந்த வலைத்துண்டுகளும் அடைத்து மாமாவே செய்த பை அது. மாரிகாலத்தில் மரத்தூள் ஈரம் குடித்துக் கல்லாகிவிடும். வெயில் நாளில் ஒவ்வொரு குத்துக்கும் தையல் இடுக்கால் கொஞ்சம் தூள் கொட்டும். மணல் இருக்கிற அடிப்பக்கத்தில் தவறிக் குத்தினால் இரண்டு நாளைக்குச் சோற்றுக் கோப்பை தூக்க முடியாது.

எனக்குப் பதினேழு வயது. வாய் நிறையத் தண்ணீரோடு எட்டோ பத்தோ குத்தியிருப்பேன். அடுத்ததில் தண்ணீர் தொண்டைக்குள் போய்விட்டது. புரையேறிக் கண்ணெல்லாம் நீர் வழிய நின்றேன்.

“விழுங்கிட்டியோ? கோவத்தில அடிக்கிறாய். கோவம் வந்தவனுக்கு மூச்சு நிக்கும். மூச்சு நிண்டாக் கை நிக்கும். திரும்ப எடு தண்ணி.”

கோபம் இருந்தது உண்மைதான். அந்த ஆண்டு ஒரு நாள் காலை அப்பாவும் நானும் சைக்கிளில் போகும்போது ஒரு சோதனைச்சாவடியில் மறித்தார்கள். அடையாள அட்டையைப் பார்த்தார்கள். பிறகு சாப்பாட்டுப் பார்சலை அவிழ்க்கச் சொன்னார்கள். அம்மா விடிய நாலரைக்கு எழும்பிக் கட்டிய புட்டும் சூடைமீன் குழம்பும். என்னைவிட மூன்று நான்கு வயதுதான் மூத்திருப்பான், ஒருவன் துவக்கு முனையால் அதைக் கிளறிவிட்டு ரோட்டில் கொட்டச் சொன்னான். அப்பா கொட்டினார். வாழையிலையை மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தார். “போவம் தம்பி” என்றார். வீட்டில் அதைப்பற்றி யாரும் எப்போதும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் இரவில் படுத்துக் கிடக்கும்போதும் என் விரல்கள் மடங்கியே இருந்தன. அம்மா அதைப் பார்த்துவிட்டுத்தான் என்னைத் தன் தமையனிடம் அனுப்பினா.

மாமாவுக்கு இந்த விளையாட்டு வந்த வழி டொக்யாட், கடற்படையின் கப்பல் திருத்தும் துறை. தாத்தா அங்கே வேலை செய்தவர். 1957இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போகும்வரை கப்பல்காரர்கள் தங்களுக்குள் கயிறு கட்டிக் குத்துவார்களாம். மாமா சின்ன வயதில் தாத்தாவின் தோளில் இருந்து பார்த்திருக்கிறார். வெள்ளைக்காரன் போகும்போது விட்டுச்சென்ற இரண்டு சோடி கையுறைகள் மாமாவின் இரும்புப் பெட்டிக்குள் இருந்தன. உள்ளே குதிரைமயிர் அடைத்த பழைய வகை. 1938இல் சிட்னியில் நடந்த பேரரசு விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்குத் தங்கம் கொண்டுவந்தவர் பார்னி ஹென்றிகஸ் என்ற குத்துச்சண்டைக்காரர் என்பதை மாமாதான் எனக்குச் சொன்னார். எங்கள் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

2025 மார்ச்சில் அமெரிக்கக் குத்துச்சண்டைக்காரர் ஜோர்ஜ் ஃபோர்மன் இறந்த செய்தி வந்த இரவு இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. கோபத்தால் குத்தியவர்கள் என்று உலகம் சொல்லும் சிலரைப்பற்றி முப்பது ஆண்டாக எனக்குள்ளே ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கணக்கும் மாமா தொடக்கியதுதான். மாதத்துக்கு ஒருமுறை ஓர் இரவுக்கு ரிவியும் டெக்கும் வாடகைக்கு எடுப்போம். கொழும்பில் இருந்து யாரோ கொண்டுவந்த கசட்டுகள், பதிவின் மேல் பதிவாகித் தேய்ந்தவை. முதலில் பார்த்தது 1988 ஜூன் 27இல் மைக் டைசனும் மைக்கேல் ஸ்பிங்ஸும் மோதியது. ஓர் இரவு வாடகை கொடுத்து எடுத்த பெட்டியில் சண்டை 91 விநாடியில் முடிந்துவிட்டது. மின்சாரம் நிற்கும்வரை திரும்பத் திரும்பச் சுற்றிப் பார்த்தோம். “எவ்வளவு கோவம் பார்த்தீங்களா மாமா” என்றேன்.

மாமா திரையில் விரல் வைத்துக் காட்டினார். “முகத்தைப் பார்க்காத, காலைப் பார். அவன் கட்டையன். ஸ்பிங்ஸ் நெடுவல். நெடுவலுக்குத் தூரத்தில நிண்டு அடிக்கலாம். கட்டைக் கைக்காரன் அடிக்கோணுமெண்டா, முதல்ல அடிவாங்கிக்கொண்டு கிட்டப் போகோணும். அந்த நாலடி நடக்கிறதுக்கு மனுசனுக்கு ஏதோ ஒண்டு வேணும். சில பேருக்குக் கோவம் இருந்தாத்தான் அந்த நாலடி நடக்கலாம்.”

நானும் கட்டையன்தான். வகுப்பில் முதல் வரிசை.

அன்றிலிருந்து உயரங்களைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. டைசன் 5 அடி 10 அங்குலம், எடை கூடியவர்களின் பிரிவான பாரப்பிரிவில் அவரோடு மோதியவர்கள் பெரும்பாலானோர் ஆறடிக்கு மேலே. ஜோ ஃபிரேசியர் ஆறடிக்குச் சற்றுக் குறைவு, முகமது அலி 6 அடி 3. ரொபேர்ட்டோ டுரான் 5 அடி 7, சுகர் ரே லெனார்ட் 5 அடி 10. மார்வின் ஹேக்லரைவிட தோமஸ் ஹேர்ன்ஸ் மூன்றங்குலத்துக்கு மேல் உயரம். ‘கோபக்காரன்’ என்று பெயர் வாங்கியவர்களில் அதிகம் பேர் எதிராளியின் கை எட்டும் தூரத்துக்குள்ளே நடந்துபோக வேண்டியிருந்தவர்கள். நெடிய கைக்காரன் பின்னால் போகும்போது அதை அழகு என்கிறோம். குட்டைக் கைக்காரன் முன்னால் வரும்போது வெறி என்கிறோம்.

டைசனையே எடுங்கள். புரூக்ளினின் பிரவுன்ஸ்வில் பகுதியில் புறா வளர்த்த பொடியன். பெரிய பையன் ஒருவன் அவனுடைய புறாவின் கழுத்தைத் திருகிப் போட்டதுதான் அவனுடைய முதற்சண்டைக்குக் காரணம். இந்தக் கதையை டைசனே பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தப் பொடியனைக் கஸ் டமாட்டோ என்ற கிழவர் கட்ஸ்கில் என்ற ஊரில் எப்படிப் பழக்கினார் என்று பார்த்தால் அதில் வெறிக்கு இடமே இல்லை. ஒவ்வொரு குத்துக்கும் ஓர் இலக்கம். இரண்டு கையுறையும் கன்னத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். இலக்கங்களைக் கிழவர் சொல்லச் சொல்ல, அதே ஒழுங்கில் கை போக வேண்டும். ஆயிரக்கணக்கான தடவை. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு பாடமாக்குவது போலத்தான். 1982இல் இளையோர் போட்டி ஒன்றில் ரிங்குக்குப் போகமுன் டைசன் பயிற்றுநரின் தோளில் சாய்ந்து அழும் ஒரு படப்பதிவு இருக்கிறது. பதினைந்து பதினாறு வயது. தோற்றால் யாரும் தன்னை விரும்பமாட்டார்கள் என்ற பயம். நாங்கள் கோபம் என்று பார்த்ததற்கு அடியில் அந்த அழுகை கிடந்தது.

டமாட்டோ 1985 நவம்பரில் இறந்தார். ஓராண்டு கழித்து, 20 வயதில், டைசன் உலகப் பாரப்பிரிவு வெற்றியாளர்களில் மிக இளையவர் ஆனார். கிழவர் போட்ட ஒழுங்கு கொஞ்சக்காலம் தாங்கியது. பிறகு தலை அசைவது குறைந்தது, இலக்கங்கள் மறந்தன, ஒரேயொரு பெரிய குத்தைத் தேடும் கை மட்டும் மிஞ்சியது. 1990 பெப்ரவரியில் தோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் பத்தாம் சுற்றில் அவரை விழுத்தினார். 1997 ஜூனில் எவண்டர் ஹோலிஃபீல்டின் காதைக் கடித்த செய்தி வந்தபோது பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு மாமா நெடுநேரம் பேசாமல் இருந்தார். கிட்டப் போகப் பழகிய ஒருவன் போய்ச் சேர்ந்த இடத்தில் செய்ய வேறு ஒன்றும் தெரியாமல் கடித்ததாகத்தான் எனக்கு அது பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது.

ஃபிரேசியரைப்பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். எனக்கு எல்லாரையும்விட நெருக்கமானவர் அவர்.

தென் கரோலினாவில் ஏழை விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. சின்ன வயதில் ஒரு பன்றி துரத்த, ஓடி விழுந்ததில் இடக்கை முறிந்தது. வைத்தியரிடம் போக வசதியில்லை. கை தானாகக் கூடியது, வளைந்தபடி கூடியது. அதற்குப் பிறகு அந்தக் கையை அவரால் முழுதாக நீட்டவே முடியவில்லை. உலகம் அஞ்சிய ஃபிரேசியரின் இடக்கை ஹுக், முழங்கையை மடித்துப் பக்கத்தால் வீசும் குத்து, நீட்ட முடியாத அந்தக் கையில் இருந்துதான் வந்தது. நீட்ட முடியாத கைக்காரன் எவ்வளவு கிட்டப் போக வேண்டியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எதிராளியின் மூச்சு முகத்தில் படும் தூரம்.

வியட்நாம் போருக்குப் போகமாட்டேன் என்று அலி மறுத்து, பட்டமும் உரிமமும் பறிபோய் இருந்த காலத்தில், அவருக்குத் திரும்ப உரிமம் கிடைக்கப் பேசியவர்களில் ஃபிரேசியரும் ஒருவர். பணமும் கொடுத்து உதவியவர். திரும்பி வந்த அலி அவரை வெள்ளைக்காரனின் அடிமை என்றார், அறிவில்லாதவன் என்றார், பின்னர் கொரில்லா என்றார். நுழைவுச்சீட்டு விற்க அலி பேசிய பேச்சு, ஃபிரேசியரின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சுட்டது. 1971 மார்ச் 8இல் நியூயோர்க்கில் பதினைந்து சுற்று. கடைசிச் சுற்றில் அந்த வளைந்த இடக்கை அலியின் தாடையில் விழுந்தது. அலி மல்லாக்க விழுந்தார். கசட்டில் அந்த இடம் வரும்போது, அலியை உயிராக நேசித்த என் மாமா எழும்பிக் கைதட்டுவார். “வாங்கிக்கட்டோணும்தானே, அவ்வளவு கதைச்சவர்” என்பார்.

1975 அக்டோபர் 1, மணிலா. கொதிக்கும் அரங்கம். பதினான்கு சுற்றுக்குப் பிறகு ஃபிரேசியருக்கு ஒரு கண் வீங்கி மூடிவிட்டது. மற்றக் கண்ணில் பல வருடமாகவே பார்வை சரியில்லை என்பதை அவர் வெளியே சொல்லாமல் மறைத்து வைத்திருந்தார். கிட்டத்தட்டக் குருடனாக அவர் பதினைந்தாவது சுற்றுக்கு எழும்பப் பார்த்தார். பயிற்றுநர் எடி ஃபட்ச் தோளைப் பிடித்து இருத்திவிட்டார். இருவரில் ஒருவர் செத்துப்போவதை ஃபட்ச் அன்று தடுத்தார் என்றே நான் நம்புகிறேன்.

அந்தக் கோபம் மணிலாவில் முடியவில்லை என்பதுதான் எனக்குத் துக்கம். 1996 ஜூலையில் அட்லாண்டா ஒலிம்பிக் தொடக்க விழாவில், நடுங்கும் கையோடு அலி தீபம் ஏற்றியபோது எங்கள் வீட்டில் எல்லாரும் அழுதோம். அதைப் பார்த்த ஃபிரேசியர், அந்தத் தீக்குள்ளே அவரைத் தள்ளிவிட்டிருந்தால் நல்லது என்ற பொருளில் பேசினார். இருபத்தைந்து வருடம் கழிந்தும் ஆறாத புண். 2001இல் அலி ஒரு பத்திரிகை வழியாக மன்னிப்புக் கேட்டார். 2011 நவம்பரில் ஃபிரேசியர் இறந்தபோது அலி செத்தவீட்டுக்கு வந்தார். அந்தப் படத்தில் அலியின் முகத்தை என்னால் அதிகநேரம் பார்க்க முடியவில்லை.

சொல்லால் ஒருவனைக் கோபப்படுத்தி அவனுடைய கால்களைப் பிடுங்கிவிடலாம் என்பதை டுரான் நன்றாக அறிந்திருந்தார். பனாமாவின் எல் சொரியோ என்ற ஏழைக் குடியிருப்பில் சப்பாத்துத் துடைத்து வளர்ந்தவர். 1980 ஜூனில் மொன்றியலில் லெனார்டை எதிர்கொள்ளுமுன் லெனார்டையும் அவர் மனைவியையும் நாக்கூசாமல் ஏசினார். லெனார்ட் உலகத்திலேயே கால் வேகம் கூடியவர்களில் ஒருவர். அன்றிரவு அந்தக் கால்களை அவர் மறந்தார். நின்ற இடத்தில் நின்று, டுரானின் சண்டையைச் சண்டையிட்டு, பதினைந்து சுற்று முடிவில் புள்ளிகளில் தோற்றார். நெடிய கைக்காரனை, நாலடி நடக்காமலேயே, தன்னிடம் வரவழைத்துவிட்டார் டுரான்.

ஐந்து மாதம் கழித்து நியூ ஓர்லியன்ஸில் லெனார்ட் ஆடினார், சிரித்தார், தோளைக் குலுக்கினார், வலக்கையைச் சக்கரம்போலச் சுற்றிக் காட்டிவிட்டு இடக்கையால் மூக்கில் தட்டினார். எட்டாம் சுற்றில் டுரான் முதுகைத் திருப்பிக்கொண்டு போதும் என்றார். ஏன் விட்டார் என்று இன்றுவரை பேசுகிறார்கள். வயிற்றுவலி என்று அவரே காரணம் சொன்னார். அடி பொறுத்துப் பழகியவருக்குச் சிரிப்புப் பொறுக்கவில்லை என்பது என் எண்ணம். பின்னால் அவர் எழும்பி வந்தார், 37 வயதில் ஐரன் பார்க்லியை வென்றார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த ஓர் இரவை மட்டும் வைத்து டுரானை அளப்பவர்களோடு எனக்கு ஒத்துவராது.

ஹேக்லரை மாமா வேறு மாதிரிக் கும்பிடுவார். வருடக்கணக்காக உரிய சந்தர்ப்பம் மறுக்கப்பட்டவர். 1979இல் பட்டத்துக்கான சண்டையை வென்றதாக நினைத்து நின்றபோது சமநிலை என்று அறிவித்தார்கள். 1980இல் லண்டனில் ஒருவழியாக வென்றபோது கூட்டம் போத்தல்களால் எறிந்தது. அத்தனையையும் உள்ளே போட்டுப் பூட்டி வைத்திருந்தவர் 1985 ஏப்ரலில் ஹேர்ன்ஸுக்கு எதிரே ‘யுத்தம்’ என்று எழுதிய தொப்பியோடு வந்தார். அந்தச் சொல்லை இலேசாய்த் தலையில் வைத்துக்கொண்டு திரியக்கூடிய நாடு எப்படி இருக்கும் என்று, ஊரடங்கு நேரத்தில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு யோசனை வந்தது. முதற்சுற்று இன்றைக்குப் பார்த்தாலும் நெஞ்சு அடிக்கும். அந்தச் சுற்றிலேயே ஹேர்ன்ஸின் வலக்கை முறிந்தது. ஹேக்லரின் நெற்றி பிளந்து இரத்தம் வழிந்தது. மூன்றாம் சுற்றில் நடுவர் வைத்தியரைக் கூப்பிட்டுக் காயத்தைக் காட்டினார். சண்டையை நிறுத்திவிடுவார்கள் என்று தெரிந்ததும் ஹேக்லர் அடுத்த சில கணங்களில் முடித்துவைத்தார். அவ்வளவு சூட்டிலும் ஒரு கை நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமைகளில் மாமாவும் நானும் கோணேசர் கோயிலுக்குப் போவோம். கோட்டைக்குள்ளே மான்கள் குறுக்கே நிற்கும், சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறுவோம். மலையுச்சியில் இராவணன் வெட்டு. தாய் வழிபட வேண்டும் என்று மலையையே பெயர்க்க வந்தவன், பெயராத கோபத்தில் வாளால் வெட்டிய பிளவு என்பது எங்கள் ஊர்க் கதை. குனிந்து பார்த்தால் பாறை இரண்டாகப் பிளந்து நேரே கடலுக்குப் போகிறது. கீழே தண்ணீர் கறுத்துக் கிடக்கும். மாமா ஒருநாள் அதைக் காட்டிச் சொன்னார்: “எவ்வளவு பலம் பார். எல்லாம் பாறையிலயே போயிட்டுது.”

ஃபோர்மன் நினைவு வந்தது அங்கேதான். அவர் கட்டையன் இல்லை, அலியின் உயரம். ஹூஸ்டனில் பசியோடு வளர்ந்து, தெருவில் வழிப்பறி செய்து, 1968 ஒலிம்பிக்கில் தங்கம் வென்று, 1973இல் ஃபிரேசியரை இரண்டே சுற்றில் ஆறு தடவை விழுத்தியவர். யாரோடும் சிரிக்கமாட்டார். நாலடி நடக்க அவருக்குக் கோபம் தேவையே இல்லை, ஆனாலும் அதைச் சுமந்துகொண்டு திரிந்தார். 1974 அக்டோபர் 30 அதிகாலையில் கின்ஷாசாவில் அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு, கைகளால் முகத்தை மூடி, அடிக்க விட்டார். இவ்வளவுதானா உன் அடி என்று காதுக்குள் கேட்டாராம். ஃபோர்மனே பிற்காலத்தில் இதைச் சொல்லிச் சிரிப்பார். அலியின் முழங்கையிலும் தோளிலும் சுற்றுச் சுற்றாகப் பலம் முழுவதையும் கொட்டிவிட்டு, எட்டாம் சுற்றில் விழுந்தார்.

1977இல் இன்னொரு தோல்விக்குப் பிறகு உடைமாற்றும் அறையில் தனக்குக் கடவுள் அனுபவம் வந்ததாகச் சொல்லி, கையுறையைக் கழற்றிப் போதகராகிவிட்டார். பத்து வருடம். தன் இளையோர் நிலையத்துக்குப் பணம் வேண்டும் என்று 1987இல் அவர் திரும்பி வந்தபோது எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சேர்ந்து சிரித்தார். 1994 நவம்பர் 5இல், 45 வயதில், கின்ஷாசாவில் போட்ட அதே காற்சட்டையோடு வந்து, மைக்கேல் மூரரிடம் ஒன்பது சுற்று அடிவாங்கி, பத்தாம் சுற்றில் குட்டையான ஒரு வலக்கைக் குத்தால் விழுத்தினார். ஓடித் துள்ளவில்லை. மூலையில் போய் முழங்காலில் இருந்தார். அந்தக் குத்தைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். பல்லைக் கடிக்காத, தோள் உயராத, மூச்சை அடக்காத குத்து. வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டும் அதைக் குத்தலாம்.

இனி என் கதையைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் மேலே எழுதியதெல்லாம் பொய்.

பக்கத்து வளவுப் பொடியன், என்னோடு ஒரே வகுப்பு. நெடுவல். அவனும் மாமாவிடம் வருவான். பழகி நான்கு மாதம் ஆனபிறகு மாமா எங்களை எதிரெதிரே நிறுத்தினார். இரும்புப் பெட்டியில் இருந்து அந்தக் குதிரைமயிர்க் கையுறைகளை எடுத்துத் தந்தார். முதலில் கைக்குச் சுற்றுத்துணி: பெருவிரலில் கொளுவி, மணிக்கட்டில் மூன்று சுற்று, விரல்மொட்டுக்கு மேலால் மூன்று சுற்று, ஒவ்வொரு விரலிடுக்காலும் ஒரு இழுப்பு. பழைய பருத்தி வேட்டியைக் கிழித்த நாடா அது. கையுறைக்குள் கையை விட்டபோது உப்புக்காற்றில் தோல் விறைத்திருந்தது. மயிர் திரண்டு உள்ளங்கைப் பக்கம் ஒதுங்கியிருந்தது. விரல்மொட்டுக்கு மேலே தோல் மட்டும்தான். அதை மாமாவும் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவன் நீண்ட இடக்கையால் என் முகத்தில் தட்டிக்கொண்டே இருந்தான். நான் கிட்டப் போக முடியாமல் நின்றேன். அப்போது அவன் சிரித்துக்கொண்டு, அப்பாவின் புட்டுப் பார்சலைப்பற்றி ஒன்று சொன்னான். ஊரில் எல்லாருக்கும் அது தெரிந்திருக்கிறது என்பது அந்தக் கணத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

நாலடியும் எப்படி நடந்தேன் என்று நினைவில்லை. கிணற்றுக்கட்டு அவன் முதுகில் முட்டியது. முதற்குத்து வயிற்றில். அவன் கைகள் கீழே இறங்கின. இறங்கியதைப் பார்த்தேன். இந்த வரியை எழுதத்தான் இத்தனை வருடம் எடுத்தது: பார்த்தேன். அதற்குப் பிறகும் இடக்கையால் ஹுக் ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. மூக்கெலும்பு உடைந்தது என் விரல்மொட்டுக்குத் தெரிந்தது, முறுக்குக் கடிபடுகிற மாதிரி. மாமா பின்னால் வந்து இடுப்போடு தூக்கி என்னை மணலில் போட்டார். அவர் ஏசவில்லை. அவனைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். நான் கையுறையைக் கழற்றக்கூடத் தெரியாமல் பல்லால் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தேன்.

சோதனைச்சாவடியில் நின்றவனை நான் அடிக்கவில்லை. என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவனைத்தான் அடித்தேன்.

மாமா அன்று மாலையே பையை இறக்கிவிட்டார். அது பிறகு மரத்தில் ஏறவேயில்லை. 1999இல் நண்பனின் குடும்பம் கனடாவுக்குப் போய்விட்டது. மன்னிப்பு என்று ஒரு சொல் நான் கேட்கவில்லை.

பல வருடம் கழித்து, இணையம் வந்தபிறகு, எமில் கிரிஃபித்தின் கதையைப் படித்தேன். மாமாவின் கசட்டுகளில் அது இருக்கவில்லை. இருந்தும் அவர் காட்டவில்லையோ என்று இப்போது யோசிக்கிறேன்.

கிரிஃபித் வெர்ஜின் தீவுகளில் பிறந்தவர். நியூயோர்க்கில் தொப்பிக் கம்பனி ஒன்றில் வேலை. பெண்களுக்கான தொப்பிகளை அழகாக வடிவமைப்பார். மெல்லிய குரல், மென்மையான மனிதர். குத்துச்சண்டைக்குள் அவரை முதலாளிதான் கொண்டுபோனார். கியூபாவைச் சேர்ந்த பென்னி பரெட்டோடு மூன்று முறை மோதினார். 1962 மார்ச் 24, மூன்றாவது சண்டை. அன்று எடை பார்க்கும் இடத்தில் பரெட் அவரைத் தொட்டு, ஆணை விரும்பும் ஆண் என்பதற்கான ஸ்பானிய வசைச்சொல்லால் எல்லார் முன்னாலும் கேலி செய்தார். அந்தக் காலத்தில் அந்த ஒரு சொல் ஒருவருடைய தொழிலையும் உயிரையும் கெடுக்கப் போதுமானது.

இரவு, பன்னிரண்டாம் சுற்று. பரெட் மூலையில், ஒரு கை கயிற்றில் சிக்கிய மாதிரி. கிரிஃபித் இருபதுக்கும் மேற்பட்ட குத்துகளை இடைவிடாமல் குத்தினார். பரெட்டின் கைகள் எப்போதோ இறங்கிவிட்டன. நடுவர் ரூபி கோல்ட்ஸ்டீன் இடையே வருவதற்குள் காலம் கடந்துவிட்டது. தொலைக்காட்சியில் நாடே நேரடியாகப் பார்த்தது. நினைவு திரும்பாமல் பத்து நாள் கிடந்து, ஏப்ரல் 3இல் பரெட் இறந்தார். கோல்ட்ஸ்டீனின் நடுவர் வாழ்க்கையும் கிட்டத்தட்ட அத்தோடு முடிந்தது.

பரெட் சில மாதங்களுக்கு முன்னர்தான் ஜீன் ஃபுல்மரிடம் கடுமையாக அடிவாங்கியிருந்தார், அவரை அன்றைக்கு மேடை ஏற்றியதே தவறு. நடுவர் தாமதித்தார். கோபத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது சரியில்லை என்று என் புத்தி சொல்கிறது. ஆனால் அந்தப் பதிவை நான் ஒரேயொரு தடவைதான் பார்த்தேன். பரெட்டின் கைகள் இறங்குகிற இடத்தில் நிறுத்திவிட்டு எழும்பிப்போய் முற்றத்தில் நின்றேன்.

கிரிஃபித் 1977 வரை குத்தினார். திரும்ப ஒருவரைக் கொன்றுவிடுவோமோ என்ற பயத்தில் கையை அடக்கியே குத்தினார். பல்லாண்டு காலம் கனவில் பரெட் வந்துகொண்டிருந்தார். ஒருவனைக் கொன்றதை மன்னித்த உலகம், ஒருவனை நேசிப்பதை மன்னிக்கவில்லை என்ற பொருளில் முதுமையில் பேசினார். 2005இல் வெளியான ஆவணப்படம் ஒன்றுக்காக, தகப்பன் இறந்தபோது சிறுபிள்ளையாக இருந்த பரெட்டின் மகனைச் சந்தித்தார். மகன் கிரிஃபித்தைக் கட்டி அணைத்தார். அந்த அணைப்பை நான் ஒரு தடவை அல்ல, பல தடவை பார்த்திருக்கிறேன்.

போன வருடம் நண்பன் ஊருக்கு வந்தான். ரொறன்ரோவில் இருந்து, கோணேசர் கோயில் திருவிழாவுக்கு. தலை நரைத்து, தொப்பை வைத்து, அதே நீண்ட கைகள். பின்னேரம் டச்பே கடற்கரையில் இருந்தோம். சுண்டல்காரர் வந்தார், வாங்கினோம். அப்பாவைப்பற்றிக் கேட்டான், போய்விட்டார் என்றேன். மாமாவைக் கேட்டான், அவரும்தான் என்றேன். கொஞ்சநேரம் அலையைப் பார்த்தோம். மன்னிப்புக் கேட்க நான் வீட்டில் இருந்தே சொற்களைக் கோத்துக்கொண்டு வந்திருந்தேன்.

“மச்சான், அண்டைக்குக் கிணத்தடியில...” என்று தொடங்கினேன்.

“அண்டைக்கு நான் சொன்ன கதை பிழை” என்றான் அவன், என்னை முடிக்க விடாமல். “கொப்பரைப்பற்றி அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. அங்க போயும் அது கனநாள் கிடந்து உறுத்தினது. ஒண்டு தெரியுமோ? ஆஸ்பத்திரி வாங்கில இருக்கேக்க உன்ர மாமா என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னவர், ‘அவன் தண்ணிய விழுங்கிட்டான் தம்பி. என்னிலதான் பிழை, கையுறைய நான் பார்த்திருக்கோணும்’ எண்டு. அழுதவர், மச்சான்.”

நான் அதை அன்றுதான் முதன்முதல் கேட்டேன். மாமா செத்து ஒன்பது வருடம்.

அவன் என் வலக்கையை எடுத்து, சுட்டுவிரலைத் தன் மூக்குத்தண்டில் வைத்தான். எலும்பு நெல்மணி அளவுக்கு இடப்பக்கம் தள்ளியிருந்தது.